கயலுக்குப் படிக்கத் தெரியாது

பிஸ்கட்டவே, நியூ ஜெர்ஸி
22 செப்டம்பர் 2024

அன்புள்ள கோபாலண்ணாவுக்கு,

வசந்தாமணி எழுதறேன். நானும் இவரும் கயலும் நல்லா இருக்கோம். உங்களுக்குச் சுகர் இப்ப எத்தனை? ஒளிக்காம எழுதுங்க. அண்ணி முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாங்களா, இல்லை இன்னும் அந்தக் கறுப்புக் கயிறுதானா?

போன் இருக்கறப்ப இவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு நினைப்பீங்க. எல்லாம் கயலாலதான். அவளுக்கு வாயிலதான் தமிழ் வராது, காது ரெண்டும் சுத்தத் தமிழ். நான் கிச்சன்ல குசுகுசுன்னு பேசினா மாடியிலிருந்து "அம்மா, ஐ ஹர்ட் தட்"ங்கறா. வாட்ஸ்அப்ல அடிச்சா போனே மொழிபெயர்த்துக் குடுத்துடும். கையால எழுதின தமிழ்தான் அவளுக்கு ஜிலேபி. எட்டு வயசுல சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மூணு வாரம் அழுதுக்கிட்டே போனா, அதோட சரி. உங்க கடிதம் கிச்சன் டிராயர்ல மேலாகவே கிடந்தாலும் எனக்குப் பயமில்லை. அதுவும் உங்க கையெழுத்து! அதைப் படிக்கப் பார்த்தா எந்தப் போன் கேமராவும் தோத்துடும்.

விஷயத்துக்கு வரேன். கயலோட ஹைஸ்கூல்ல இந்த வருஷம் வெளிநாட்டுப் பள்ளி ஒண்ணோட கூட்டுச் சேர்றாங்க. பசங்க ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் கையாலேயே கடிதம் எழுதிக்கணும். மே மாசம் அங்கிருந்து நாலு பேர் இங்க வந்து மூணு வாரம் வீடுகள்ல தங்கி, வகுப்புக்குப் போவாங்க. எந்த ஊர்ப் பள்ளின்னு டீச்சர் கேட்டப்ப நான்தான் முந்திரிக்கொட்டையாட்டம் நம்ம ஊர் மேல்நிலைப் பள்ளி பேரைக் குடுத்தேன். காலேஜ் அப்ளிகேஷனுக்கு நல்லா இருக்கும்னு ஒரு ஆசை. எங்கண்ணன்தான் அங்க பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்னு பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

இப்ப பாருங்க, கயலுக்கு ஜோடியா ஒரு பையனைப் போட்டிருக்காங்க. பேரு இனியன், பிளஸ் ஒன். அத்தனை பொண்ணுங்க இருக்கறப்ப இவனை ஏன் போட்டாங்க? யாரு, என்ன, வீடு எப்படின்னு கொஞ்சம் விசாரிங்க. நான் சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கறவ. எல்லாம் சரியா இருக்குன்னு ஒருத்தர் சொன்னாலே எனக்குக் கை அரிக்கும்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்க தங்கை,
வசந்தா


வெள்ளைக்கரடு, ஈரோடு மாவட்டம்
16 அக்டோபர் 2024

தங்கச்சி வசந்தாவுக்கு அண்ணன் கோபாலசாமியின் ஆசி.

உன்ற கடுதாசி வந்துச்சு. எத்தனை வருஷமாச்சு கண்ணு, போஸ்ட்மேன் என்ற பேரைச் சொல்லிக் கூப்பிட்டு! சுகர் இருநூத்திப் பத்து. உன்ற அண்ணிகிட்ட நூத்தி நாப்பதுன்னு சொல்லியிருக்கேன், போன்ல உளறிப் போடாதே. அவளுக்குக் கயிறுதான்.

அந்தப் பையனை விசாரிச்சேன். அப்பன் ஈரோடு மஞ்சள் மண்டியில மூட்டை தூக்கறவர். அம்மா அங்கன்வாடியில சமையல் உதவியாளர். ஒரே பையன். பத்தாவதுல பள்ளிக்கூடத்துலேயே முதல் மார்க்கு. மே மாசப் பயணத்துக்குக் கட்டுரைப் போட்டி வெச்சு நாலு பேரை எடுத்ததுல இவன்தான் முதல் ஆளு. எச்.எம். சுவாமிநாதன் சார் இவன் பேரைச் சொன்னாலே பல்லெல்லாம் காட்டறார். வம்பு தும்பு ஒண்ணும் கேள்விப்படலை. தெருவுல தலையைக் குனிஞ்சுதான் நடக்கறான்.

அதுதான் எனக்கு இடிக்குது. இந்தக் காலத்துல தலையைக் குனிஞ்சு நடக்கற பையன் எங்க இருக்கான்? ஒரு கண்ணு வெச்சிருக்கேன், நீ கவலைப்படாதே.

மாப்பிள்ளைக்கு முதுகு வலி தேவலையா?

அண்ணன்,
கோபாலசாமி


பிஸ்கட்டவே
14 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

சௌக்கியம்னுதான் எழுதணும், எழுதிட்டேன். இவருக்கு முதுகு பரவாயில்லை. எனக்குத்தான் மனசு சரியில்லை.

அந்தப் பையன்கிட்டயிருந்து வர்ற கவர் செங்கல் கனத்துக்கு இருக்கு. மத்த பசங்களுக்கு ஒரு தாள், ரெண்டு தாள். இவளுக்கு மட்டும் ஏன் இத்தனை? வாங்கினதும் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறா. உள்ள தனியா என்னமோ முணுமுணுக்கறா, சிரிக்கறா. தட்டினா "ஹோம்வொர்க் மா"ங்கறா. ஹோம்வொர்க்குக்கு எந்தப் பொண்ணு இந்த நாட்டுல சிரிச்சிருக்கா?

இன்னொண்ணு. அவ ரூம் காலண்டர்ல பென்சிலால நம்பர் போட்டுக்கிட்டு வரா. முதல்ல 12. அப்புறம் 30. நேத்துப் பார்த்தா 42. தேதியும் இல்லை, மார்க்கும் இல்லை. கேட்டா "நத்திங்"ங்கறா. எனக்கு அந்த நத்திங்தான் தூக்கத்தைக் கெடுக்குது.

தீபாவளிக்குத் துணி எடுக்க, பக்கத்துல நம்மூர்க் கடைகள் நிறைய இருக்கற ஐசலின் போனோம். நான் கடைக்குள்ள போயிட்டு வெளிய வந்தா, இவ எதிர்த்தாப்புல ஓட்டல் வாசல்ல, தமிழ்ல எழுதின போர்டு கீழ அசையாம நிக்கறா. அஞ்சு நிமிஷம். உதடு மட்டும் அசையுது. யாருக்காகவோ காத்திருக்கற மாதிரி. யாருக்குக் காத்திருக்கேன்னு கேட்டதுக்கு, பசிக்குதுன்னா.

அண்ணா, கவரெல்லாம் எச்.எம். ரூம்ல ஒரே கட்டாச் சேர்த்துத்தானே இங்க அனுப்பறாங்க? அதுக்கு மேல நான் எழுதலை. உங்களுக்குப் புதுசா சொல்லித் தரணுமா?

அன்புடன்,
வசந்தா


வெள்ளைக்கரடு
12 டிசம்பர் 2024

தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சுகம். நல்ல மழை.

நீ சொன்னபடியே பார்த்துப் போட்டேன். எச்.எம். சாப்பிடப் போன நேரம், ரூம்ல நான் ஒருத்தன்தான். இனியன் எழுதின கவரை, மேசையில சூடா இருந்த டீ ஆவியைக் காட்டிப் பிரிச்சேன். 1996-ல உனக்கு வந்த கடுதாசியைப் பிரிச்சுக் கிழிச்சதுக்கு அப்புறம் இன்னொருத்தர் கவர்ல கை வெச்சது இதுதான் முதல் தடவை. 

உள்ள தாள் நிறைய இருந்துச்சு. அதுக்குள்ள எச்.எம். செருப்புச் சத்தம் கேட்டுப் போச்சு. மேல் தாளை மட்டும்தான் பார்க்க முடிஞ்சுது. இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். எனக்குப் புரிஞ்ச மட்டும் தமிழ்ல எழுதறேன்: "இப்ப 90. நீ நினைச்சதை விட வேகமா போறே. உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவங்க பிறந்தநாளுக்குள்ள முடிச்சிடலாம்."

அவ்வளவுதான். மறுபடி ஒட்டி வெச்சுட்டேன். உனக்கு என்ன தோணுதோ எழுது.

அண்ணன்


பிஸ்கட்டவே
4 ஜனவரி 2025

அண்ணாவுக்கு,

உங்க கடிதத்தைக் கார்ல உட்கார்ந்து படிச்சேன். 

என்னத்தை முடிக்கப் போறாங்க? என் பிறந்தநாள் ஏப்ரல் நாலு. அவன் இங்க வர்றது மே. அம்மாகிட்ட சொல்லாதேன்னு பதினாறு வயசுப் பையன் ஒரு பொண்ணுக்கு எழுதினா, அதுக்கு நல்ல அர்த்தம் ஏதாவது இருந்தா நீங்களே சொல்லுங்க. நான் ராத்திரி பகலா தேடிப் பார்த்துட்டேன், கிடைக்கலை.

இவர்கிட்ட சொல்லலை. சொன்னா "நீ வீட்லயும் டெஸ்டிங் பண்றே"ம்பார்.

அவன் இங்க வரக் கூடாது. அவன் தங்கப் போறது வேற பையன் வீட்டுலதான், தெரியும். ஆனா பள்ளிக்கூடம் ஒண்ணுதானே? நீங்க தலைவர். உங்க கையெழுத்து இல்லாம லிஸ்ட் நகராது. என்ன காரணம் சொல்வீங்களோ, எனக்குத் தெரிய வேண்டாம்.

1996-க்கு நான் உங்களை இன்னும் மன்னிக்கலை. அது வேற பேச்சு. இப்ப உங்க உதவி எனக்கு வேணும்.

வசந்தா


வெள்ளைக்கரடு
3 பிப்ரவரி 2025

தங்கச்சிக்கு,

உடம்பைப் பார்த்துக்க. இங்க பரவாயில்லை.

நீ கேட்டபடி இனியன் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு. அவங்கப்பா சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார்னு எச்.எம்.மை எழுத வெச்சேன். அவர் முதல்ல முரண்டு பிடிச்சார். காம்பவுண்டுச் சுவர், புது டாய்லெட் எல்லாம் யாரு கட்டிக் குடுத்ததுன்னு ஞாபகப்படுத்துனேன். எழுதிட்டார். அவங்கப்பா கையெழுத்துப் போட்ட தாள் என்ற பீரோவுல இருக்குது.

மறுநாள் பையன் நம்ம ரைஸ்மில் கேட்டுக்கு வந்துட்டான். கையில பாஸ்போர்ட். அதுக்கு போலீஸ் விசாரணைக்கும் ஆபீசுக்கும் அலையறதுக்கு அவங்கப்பா மூணு நாள் மண்டிக்குப் போகலையாம். "என்ன தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்கய்யா"ன்னான். அழலை. நான் மில்லுச் சத்தத்துல காது கேக்காத மாதிரி உள்ள போயிட்டேன். ஒரு மணி நேரம் நின்னிருக்கான், வாட்ச்மேன் பிச்சுமணி சொன்னான்.

வேலை முடிஞ்சுது. இனி நிம்மதியா இரு.

அண்ணன்


பிஸ்கட்டவே
2 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கற நிலைமையில நான் இல்லை.

ஸ்கூல்லயிருந்து வரப்போற நாலு பேர் படமும் இமெயில்ல வந்துது. இனியன் இருந்த இடத்துல யாரு? கிரீஷ்! நம்ம அண்ணியோட தம்பி மகன்! போன வருஷம் ரெண்டு பாடத்துல பெயிலாகி அண்ணி போன்ல அழுதாங்களே, அதே கிரீஷ். உங்க கடிதத்துல இதைப் பத்தி ஒரு எழுத்து இல்லையே அண்ணா? நான் என் பொண்ணுக்காகக் கேட்டேன். நீங்க யாருக்காகச் செஞ்சீங்க?

இது ஒரு பக்கம். கயல் ரெண்டு வாரமா என்கூடச் சரியாப் பேசறதில்லை. தட்டுல சாதத்தைப் பிசைஞ்சுட்டு எழுந்து போறா. காலண்டர்ல நம்பர் மட்டும் நிக்காம 222 வரைக்கும் போயிருக்கு. நேத்து சாப்பிடறப்ப திடீர்னு கேட்டா: "அம்மா, மஞ்சள் மண்டின்னா என்ன? மூட்டை எவ்ளோ வெயிட் இருக்கும்?" 

அந்த வார்த்தையை நான் இந்த வீட்டுல வாய் திறந்து சொன்னதே இல்லை. அது உங்க கடிதத்துல மட்டும்தான் இருக்கு. அப்ப அவளுக்கு யாரு சொன்னா? நீங்களா? அண்ணியா? கிரீஷ் அவகூட போன்ல பேசறானா? நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்தது எப்படி வெளிய போச்சு?

எனக்கு நேரடியா பதில் வேணும்.

வசந்தா


வெள்ளைக்கரடு
24 மார்ச் 2025

வசந்தாமணிக்கு,

என்ற மேலயே சந்தேகமா? நல்லா இருக்குது அம்மிணி.

நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. உன்ற அண்ணிக்கு நீ கடுதாசி எழுதறதே தெரியாது, மில் விலாசத்துக்குத்தான் வருது. கிரீஷுக்கு ஒண்ணும் தெரியாது. உன்ற வீட்டுலதான் ஓட்டை. மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே, அவரைக் கேட்டியா?

கிரீஷ் விஷயம், காலியான இடத்துக்கு ஆளு வேணும்னு எச்.எம். கேட்டார். வீட்டுல ஒரு வார்த்தை வந்துச்சு, நானும் சரின்னேன். யாரோ போறதுக்கு நம்மாளு போகட்டுமே. காலி பண்ணச் சொன்னது நீ. அதை மறந்து போடாதே. இப்ப வந்து என்ற சட்டையைப் பிடிக்கறே.

இனிமேல் கடுதாசி வேண்டாம்.

கோபாலசாமி


பிஸ்கட்டவே
8 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய கோபாலசாமி மாமாவுக்கு,

நான் கயல். வணக்கம். நீங்க எப்படி இருக்கீங்க? சுகர் இருநூத்திப் பத்து இருந்ததே, குறைஞ்சதா? நான் அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்.

இது நான் எழுதற ரெண்டாவது தமிழ் லெட்டர். எழுத நாலு நாள் ஆச்சு. டிக்‌ஷனரி இருக்கு, போன் இல்லை. இனியன் சொல்லியிருக்கான், போன் பார்த்தா கை கத்துக்காதுன்னு.

மாமா, அந்த நம்பர் என்னன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியவே இல்லையா? 12 உயிர் எழுத்து. அப்புறம் 18 மெய், மொத்தம் 30. அப்புறம் க வரிசை, 42. ஒவ்வொரு கவர்லயும் அவன் அடுத்த ஒண்ணு ரெண்டு வரிசை எழுதி, கீழ நான் எழுதறதுக்குக் கோடு போட்டு அனுப்புவான். என் ஹோம்வொர்க்கைத் திருத்தித் திருப்பி அனுப்புவான். அதனாலதான் கவர் தடியா இருந்தது. ஐசலின்ல அந்த ஓட்டல் போர்டுல அஞ்சு நிமிஷத்துல ஒரு வார்த்தை படிச்சேன். "சைவம்". ரொம்ப சந்தோஷமா இருந்தது.

அம்மா பிறந்தநாளைக்கு அம்மாவுக்குத் தமிழ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும்னு பிளான். அதான் அம்மாகிட்ட சொல்லாதேன்னு எழுதினான். 247-ல முடிக்கணும். கடைசி எழுத்து ஃ. அதை வேணும்னே கடைசியா வெச்சான்.

பிப்ரவரியில அவன் சொன்னான், பிரிண்ட் எழுத்து போதும், இப்ப கையெழுத்து படிச்சுப் பழகுன்னு. எங்க வீட்ல தமிழ்க் கையெழுத்து எங்க இருக்கும்? கிச்சன் டிராயர்ல உங்க லெட்டர்ஸ் இருந்தது. மாமா எழுதினது, கோழி, மழை, அத்தை முழங்கால்னு இருக்கும்னு நினைச்சேன். மேலே இருந்த லெட்டரை எடுத்தேன். ஒரு வரிக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. "நீ கேட்டபடி இனியன் பேரை" வரைக்கும் படிச்சிட்டு, நான் தப்பா படிக்கறேன்னு நினைச்சு மறுபடி முதல்ல இருந்து படிச்சேன். மூணு தடவை படிச்சேன். தப்பா படிக்கலை. அப்புறம் கீழ இருந்த உங்க பழைய லெட்டர்ஸையும் படிச்சேன்.

நான் முழுசா படிச்ச முதல் தமிழ் லெட்டர் அதுதான் மாமா.

இனியனுக்கு இன்னும் தெரியாது. அவங்கப்பா கையெழுத்து போட்டார், ஆனா பள்ளிக்கூடத்துல போடலைன்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தான். அவன் அவங்கப்பா பொய் சொல்றார்னு நினைக்கறான். அவர்கூடப் பேசறதை நிறுத்திட்டான். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு. வர முடியாம போனதை விட அதுதான்.

ஏப்ரல் நாலு கேக் வெட்டினதுக்கு அப்புறம் அப்பா முன்னாடி உங்க லெட்டரை எடுத்து சத்தமா படிச்சேன். மெதுவாத்தான் வரும் எனக்கு. அம்மா நிறுத்துன்னு சொல்லவே இல்லை. முடிக்கற வரைக்கும் நின்னாங்க.

அம்மாவுக்கு எழுதின லெட்டரைக் குடுக்கலை.

அந்தத் தாள் உங்க பீரோவுல இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதை எடுத்துட்டுப் போய் எச்.எம். சார்கிட்ட குடுங்க. இனியன் அப்பாகிட்டயும் காட்டுங்க. ப்ளீஸ்.

ஒரு கேள்வி. 1996-ல அம்மாவுக்கு வந்த லெட்டர்ல என்ன இருந்தது?

இப்படிக்கு,
கயல் சபரிநாதன்


பிஸ்கட்டவே
27 ஏப்ரல் 2025

அண்ணா,

கயல் உங்களுக்கு எழுதின கவரை ஒட்டி என் கையில குடுத்து, போஸ்ட் பண்ணச் சொன்னா. பிரிக்கலை. ஸ்டாம்ப் மட்டும் நான் ஒட்டினேன். உள்ள என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும், நீங்களும் இந்நேரம் படிச்சிருப்பீங்க.

நேத்து நீங்க போன் பண்ணினப்ப இவர் எடுத்தார். தாளை எச்.எம். கிட்ட குடுத்துட்டேன்னு சொன்னீங்களாம். நான் அதுக்கு முன்னாடியே கயலோட டீச்சரைப் பார்த்து நடந்ததைச் சொல்லிட்டேன். முழுசா சொன்னேன், யார் கேட்டாங்கங்கறதையும் சேர்த்து. அந்த அம்மா லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க, நாலு பேருக்கும் விசா கிடைச்சாச்சாம், இனி மே மாசத்துக்குள்ள இன்னொருத்தருக்கு எடுக்க முடியாதாம். அடுத்த வருஷம் அவனுக்குப் பிளஸ் டூ பரீட்சை. அவன் வர மாட்டான் அண்ணா. நம்மால போச்சு.

எச்.எம். கிட்ட குடுத்தா மட்டும் போதாது. நீங்க அவன் வீட்டுக்கு நேர்ல போங்க. அவங்கப்பா மண்டியிலிருந்து வர்ற வரைக்கும் உட்கார்ந்திருங்க. அவர் கையெழுத்துப் போட்டார், ஒளிச்சது நீங்க, கேட்டது நான்னு அந்தப் பையன் காது கேக்கச் சொல்லுங்க. நானும் அவங்களுக்கு எழுதியிருக்கேன். ஆனா கடிதத்துல மன்னிப்புக் கேக்கறது ரொம்பச் சுலபம், அது எனக்கே தெரியும்.

கயல் உங்ககிட்ட கேட்ட கேள்வியை என்கிட்டயும் கேட்டா. 96-ல நீங்க கிழிச்ச கடிதம் என்னன்னு நீங்க இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்லை. பெங்களூர்ல பத்து நாள் அறிவியல் முகாம். நம்ம மாவட்டத்துலயே என்னை மட்டும் கூப்பிட்டிருந்தாங்க. ஏற்பாடு பண்ணின காலேஜ் பையன் கீழ கையெழுத்துப் போட்டிருந்தான். நீங்க அந்தக் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தீங்க. இதைச் சொல்லி முடிச்சதும் கயல் என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. அப்பதான் எனக்கே உறைச்சுது, நானும் அந்தப் பையன் கடிதத்துல ஒரு தாளை மட்டும் வெச்சுத்தான் முடிவு பண்ணினேன்னு.

இப்ப ரெண்டு வார்த்தை பேசறா. "சாப்பாடு ரெடியா"ன்னு தமிழ்லயே கேக்கறா.

எனக்கு எழுதின கடிதம் அவ மேசையில ரெண்டாவது டிராயர்ல இருக்கு. அந்த டிராயரை அவ மூடறதே இல்லை. கவர் மேல "அம்மாவுக்கு"ன்னு குண்டு குண்டா எழுதியிருக்கா. தினமும் அவ துணியை மடிச்சு வைக்கப் போறப்ப பார்க்கறேன். என் பேர் போட்ட கடிதம்தான், பிரிச்சா யாரும் ஏன்னு கேக்க முடியாது. துணியை வெச்சுட்டு வந்துடறேன். என்னிக்காவது அவளே எடுத்துக் குடுப்பா, அதுவரைக்கும் காத்திருக்கேன்.

சுகருக்கு மாத்திரை போடுங்க.

வசந்தா